உங்களுக்குத் தெரியுமா? குக்கருக்குள் உப்பு, பலூனுக்குள் குண்டூர்!

சின்ன மகளின் பிறந்தநாளை இந்த வருஷம் வீட்டிலேயே செய்து முடித்தேன். கேக், தோரணம், பஞ்சு மிட்டாய் நிறத்தில் சர்பத் என்று எல்லாமே கைவேலை. பணம் மிச்சமானது இருக்கட்டும். வேலைக்கு நடுவே அள்ளிய துணுக்குகள் இருக்கின்றனவே, அதுதான் அசல் லாபம்! பிடியுங்கள்!

ஓவன் இல்லாத வீட்டில் குக்கரின் அடியில் உப்பைக் கொட்டி, அதன்மேல் ஸ்டாண்டு போட்டு, கேக் டின்னை வைக்கிறோமே. அந்த உப்பு உருகாதா? உருகும்! ஆனால் அதற்கு 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். கேக் வேக 180 டிகிரியே போதும். ஆறிய உப்பை டப்பாவில் போட்டு மூடிவையுங்கள், அடுத்த கேக்குக்கும் அதே உப்புதான். என் டப்பா உப்புக்கு வயது மூன்று!

கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். ஒரு தடவை கேஸ்கட்டை மறந்தேன். ரப்பர் வாசனையோடு ஒரு வெனிலா கேக்! உலகத்திலேயே முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வெனிலா என்றால் ஏதோ பெரிய விஞ்ஞானி கண்டுபிடித்த வித்தை என்று நினைக்கிறீர்களா? கிடையாது! வெனிலாப் பூ ஒரே ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும். அதற்குள் மகரந்தம் சேராவிட்டால் காய் இல்லை. மெக்சிகோவுக்கு வெளியே நட்ட கொடிகள் வருஷக்கணக்கில் காய்க்காமல் படர்ந்துகொண்டே இருந்தன. 1841இல் ரீயூனியன் தீவில் ஒரு குச்சியையும் தன் கட்டைவிரலையும் வைத்தே அந்த வேலையை முடித்துக்காட்டினான் எட்மண்ட் அல்பியஸ். அடிமையாக இருந்த சிறுவன். வயது 12! இன்றைக்கும் வெனிலாத் தோட்டங்களில் நடப்பது அதே விரல் வித்தைதான்!

மனைவிக்காக மாளிகை கட்டியவரைத் தெரியும். மனைவிக்காக மாவு கலந்தவரைத் தெரியுமா? பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் பேர்ட்! அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. 1837இல் முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடர் செய்தார். ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது. 1843இல் பேக்கிங் பவுடர் செய்தார்! ஒரு அம்மாளின் ஒவ்வாமை, உலகத்துக்கே இரண்டு டப்பா!

ஈஸ்ட் மட்டும் லேசுப்பட்டதா? ஒரே ஒரு கிராம் ஈஸ்டில் சுமார் ஆயிரம் கோடி உயிர்கள்! உங்கள் பன் மாவு பொங்கி எழுந்து மூடியைத் தள்ளுகிறது என்றால் சும்மாவா!

பேக்கரி பன்னில் பச்சையும் சிவப்புமாகச் சிரிக்கிற டூட்டி ஃப்ரூட்டி என்ன பழம்? பழமே இல்லை, பப்பாளிக்காய்! கொல்லையில் காய்க்கிற அதே காய்தான். பொடியாக நறுக்கி, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, கலர் சேர்த்து உலர்த்தினால் ஆயிற்று. அரை காயில் ஒரு பாட்டில் நிறைந்தது எனக்கு!

கேக் உச்சியில் உட்கார்ந்திருக்கும் சிவப்புச் செர்ரி? நம் ஊரில் பெரும்பாலும் அது களாக்காய்! ஆமாம், முள்செடியில் பறித்து உப்பு மிளகாய் தொட்டுத் தின்போமே, அதுதான். கொட்டையை எடுத்து, பாகில் போட்டு, சாயம் ஏற்றினால் துரை வீட்டுச் செர்ரி! இத்தனை வருஷம் சண்டை போட்டு வாங்கித் தின்றது களாக்காய்க்காகவா என்று என் தம்பி இன்னும் நம்ப மாட்டேன் என்கிறான்.

கேக்குக்கு நல்ல மஞ்சள் நிறம் வரட்டும் என்று ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டேன். ஆப்பசோடா கட்டி சரியாகக் கரையவில்லை போலிருக்கிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்புள்ளி செம்புள்ளியாக! மஞ்சளோடு காரம் சேர்ந்தால் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவப்பாக்குகிறோமே, அதே சமாசாரம்! ஆக, பிறந்தநாள் குழந்தைக்கு அன்றைக்கு ஆரத்தி இரண்டு முறை. ஒன்று தட்டில், ஒன்று கேக்குக்குள்!

முட்டையின் வெள்ளைக்கருவை நன்றாக அடித்தால் எத்தனை மடங்கு உப்பும் தெரியுமா? 8 மடங்கு! ஆனால் மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு. சரியாகப் பொங்காது!

இந்த நுரையை நம்பித்தான் தூத்துக்குடி மக்ரூனே பிழைக்கிறது. வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மூன்றே பொருள்! ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்த பலகாரம், தூத்துக்குடியில் கரை இறங்கியதும் முந்திரிக்கு மாறிவிட்டது. எனக்கும் ஆசை வந்தது. 6 முட்டை உடைத்தேன். ஆறாவது முட்டை காலை வாரியது. மஞ்சள்கரு நூலாக இறங்கி, மொத்தக் கிண்ணமும் மசமசவென்று நின்றது. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆம்லெட்! அன்றிலிருந்து ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன்.

முட்டை பழசா புதுசா? தண்ணீரில் போடுங்கள். படுத்தால் புதுசு, நின்றால் பழசு, மிதந்தால் குப்பை! ஓட்டிலிருக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக ஈரம் போய்க் காற்று புகுந்துகொள்கிறது.

பவுண்ட் கேக் என்ற பெயர் எப்படி வந்தது? மாவு ஒரு பவுண்டு, வெண்ணெய் ஒரு பவுண்டு, சர்க்கரை ஒரு பவுண்டு, முட்டை ஒரு பவுண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட மறக்க முடியாத கணக்கு! கலந்து முடித்தால் ஏறக்குறைய 1.8 கிலோ!

முட்டை, பால், வெண்ணெய் மூன்றுமே இல்லாமல் கேக் வருமா? வரும்! மைதா, சர்க்கரை, கோகோ, எண்ணெய், தண்ணீர், ஆப்பசோடா. கடைசியில் ஒரு ஸ்பூன் வினிகர். புஸ்ஸென்று பொங்குகிறது பாருங்கள்! கையோடு அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். கதை பேசிக்கொண்டு நின்றால் கேக் சப்பாத்தி!

கேக் என்றால் வெள்ளைக்காரர் தேசத்துச் சரக்கு என்கிறீர்களா? 1883இல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு கிறிஸ்துமஸ் கேக் சுட்டுவிட்டார்! மர்டாக் பிரௌன் என்ற தோட்டத் துரை இங்கிலாந்துக் கேக் ஒன்றை நீட்டி, "இதைப்போலச் செய்ய முடியுமா?" என்று கேட்டார். பாபு அசரவில்லை. உள்ளூர்ச் சரக்கையே சேர்த்துக் கேக்கைச் செய்து நீட்டினார். ருசி பார்த்த துரை உடனே ஆர்டர் கொடுத்தது இன்னொரு டஜன்!

இனிமேல்தான் என் பெட்டியிலேயே பெரிய துணுக்கு. அட்டையில் செய்த கல்யாணக் கேக் தெரியுமா? இரண்டாம் உலகப் போர். பிரிட்டனில் சர்க்கரைத் தட்டுப்பாடு. 1940இல் கேக்குக்கு மேலே ஐசிங் பூசவே அரசாங்கம் தடை போட்டுவிட்டது! கல்யாண வீட்டார் சும்மா இருப்பார்களா? அட்டையிலும் பிளாஸ்டரிலும் மூன்று அடுக்குக் கேக் மூடி செய்தார்கள். பூ வேலைப்பாடு, முத்துவரிசை, எல்லாம் வெள்ளை வெளேரென்று. உள்ளே ஒளிந்திருந்தது கையகல கேக்! பேக்கரிக்காரர்கள் அந்த மூடியை வாடகைக்கே விட்டார்கள். இன்றைக்கு ஒரு கல்யாணம், நாளைக்கு இன்னொரு கல்யாணம், படத்தில் எல்லோரும் வெட்டியது ஒரே கேக்!

நானும் செய்தேன்! கீழ் அடுக்கு இரண்டும் தெர்மகோல், உச்சி மட்டும் நிஜம். வந்த குழந்தைகளில் ஒருத்தி அடி அடுக்கில்தான் கத்தியை வைத்தாள். கரகரவென்று ஒரு சத்தம். பல் கூசுகிறது இப்போதும்!

அந்தத் தெர்மகோலில் 95 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்று! நாம் காசு கொடுத்து வாங்கியது அறையில் ஏற்கெனவே இருந்ததைத்தான்.

வயசுக்கு ஒன்றாக கேக்கில் மெழுகுவத்தி. இந்தப் பழக்கம் எவ்வளவு பழசு? 1746இலேயே ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் பிறந்தநாளுக்கு அடுப்பில் நுழைகிற அளவுக்குப் பெரிய கேக் சுட்டு, வயதுக்கு ஒரு துளை போட்டு, துளைக்கு ஒரு மெழுகுவத்தி குத்தியிருக்கிறார்கள். பிரபுவுக்கு அப்போது வயது 46!

ஃபூ என்று ஊதி அணைக்கிறோமே, அப்போது ஐசிங்மேல் பாக்டீரியா எவ்வளவு கூடுகிறது தெரியுமா? அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் 2017இல் அளந்தே பார்த்துவிட்டார்கள். சராசரியாக 1,400 சதவீதம்! இதை நான் பிறந்தநாள் அன்றே சொல்லியிருக்கக் கூடாது. என் நாத்தனார் கேக்கைத் தொடவே இல்லை!

ரப்பர் பலூனை முதலில் செய்தது பொம்மைக்காரர் இல்லை. மின்சார மேதை மைக்கேல் ஃபாரடே! ஆண்டு 1824. ஹைட்ரஜன் வாயுவை அடைத்துவைக்க ஒரு பை தேவைப்பட்டது. இரண்டு ரப்பர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தை அழுத்தி ஒட்டினார். உள்பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன தடவினார் தெரியுமா? மாவு! நாம் கேக் டின்னில் தூவுகிறோமே, அதே வேலை!

இன்றைய லேடெக்ஸ் பலூன் 1931இல் பிறந்தது. நீல் டில்லட்சன் என்ற அமெரிக்கர் அட்டையைப் பூனைத்தலை வடிவில் வெட்டி ரப்பர் பாலில் முக்கி எடுத்தார். காதோடு வந்தது பலூன்!

பறக்கிற பலூனில் அடைக்கும் ஹீலியத்தை மனிதர் முதலில் பார்த்தது பூமியில் இல்லை. சூரியனில்! பார்த்த இடம் எது தெரியுமா? மிளகாய்க்குப் பேர் போன குண்டூர்! 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்சன் மூட்டை முடிச்சோடு குண்டூர் வந்து நிறமாலைமானியை நிறுத்தினார். அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அதுதான் ஹீலியம்! அப்போது குண்டூர் நம் சென்னை மாகாணம், அதனால் பாதிப் பெருமை நமக்கு! பூமியில் அதே ஹீலியம் கையில் சிக்கியது 1895இல்தான். 27 வருஷம் கழித்து!

ஆரஞ்சுத் தோலைப் பலூன் பக்கத்தில் பிதுக்குங்கள். டமார்! தோலிலிருந்து தெறிக்கிற எண்ணெய் ரப்பரை அரித்துவிடுகிறது. ஊசி வேண்டாம், கை படவும் வேண்டாம்! இன்னொன்று: பலூனில் செல்லோடேப் ஒட்டி, டேப்மேல் ஊசி குத்துங்கள். வெடிக்காது! குழந்தைகள் முன்னால் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தேன். அன்றைக்கு நான்தான் மந்திரவாதி.

செல்லோடேப்பையும் லேசாக நினைக்காதீர்கள். காற்றை முழுக்க உறிஞ்சிய பெட்டிக்குள் வைத்துச் சர்ரென்று உரித்தால் எக்ஸ்ரே வருகிறது! கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் 2008இல் அதை வைத்து விரல் எலும்பைப் படமே எடுத்துவிட்டார்கள். காற்று இருக்கிற நம் ஹாலில் வராது. பயப்படாமல் தோரணம் ஒட்டுங்கள்!

தோரணத்துக்குத் தாள் மடிக்கிறீர்களா? ஒரே தாளைப் பாதி பாதியாக எத்தனை முறை மடிக்க முடியும்? 7 முறைக்கு மேல் முடியாது என்றுதான் உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. 2002இல் கலிஃபோர்னியாவின் பள்ளி மாணவி பிரிட்னி கல்லிவன் 12 முறை மடித்துக் காட்டினார்! எடுத்துக்கொண்ட தாளின் நீளம் 1.2 கிலோமீட்டர்.

42 முறை மடிக்க முடிந்தால்? தாளின் கனம் வெறும் 0.1 மில்லிமீட்டர்தான். ஆனால் அடுக்கு நிலாவைத் தாண்டிவிடும்! கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,39,804 கிலோமீட்டர்!

பார்ட்டியில் தலைமேல் தூவுகிற வண்ணத்தாள் துணுக்குக்கு இத்தாலியில் என்ன பெயர்? கோரியாந்தொலி. கொத்தமல்லி! முன்னொரு காலத்தில் அங்கே திருவிழாவில் சர்க்கரை பூசிய தனியாவைத்தான் வாரி இறைத்தார்களாம். தாள் வந்தது, பெயர் மட்டும் அஞ்சறைப்பெட்டியிலேயே நின்றுவிட்டது!

ஜிகினாத்தூள் பிடிக்குமா? பிளாஸ்டிக்கில் செய்த உதிரி ஜிகினாவை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடை செய்துவிட்டது! என் வீட்டுச் சோபாவில் போன தீபாவளி ஜிகினா இன்னும் மின்னுகிறது. தடை போட்டவர் வீட்டிலும் சோபா இருந்திருக்கும்!

பிளே டோ களிமண் முதலில் விளையாட்டுச் சாமானே இல்லை. சுவர்த்தாளில் படிந்த கரிப்புகையைத் துடைக்க விற்ற மாவு! 1956இல் பெயரை மாற்றினார்கள், பொம்மைக் கடைக்குப் போய்விட்டது. வீட்டிலேயே செய்ய மைதா 2 பங்கு, உப்பு 1 பங்கு, கொஞ்சம் எண்ணெய், தண்ணீர். பீட்ரூட் சாறு விட்டால் ரோஸ், மஞ்சள் போட்டால் மஞ்சள். 8 குழந்தைகளை ஒரு மணி நேரம் உட்காரவைத்தது!

சங்குப்பூ நாலைப் பறித்து வெந்நீரில் போடுங்கள். மயில்கழுத்து நீலம்! எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கண்முன்னாலேயே ஊதா! இன்னும் பிழியுங்கள். ரோஸ்! ஒரு பைசா கலர் பவுடர் வாங்கவில்லை. வேலியில் பூத்தது.

பஞ்சு மிட்டாய் மெஷினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பல் டாக்டர்! வில்லியம் மாரிசன், ஆண்டு 1897. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் விற்றுத் தீர்ந்த பெட்டிகள் 68,655! தொழிலுக்குத் தொழிலும் ஆயிற்று, வாடிக்கையாளரும் ஆயிற்று!

ஐஸ் குச்சி? அதைக் கண்டுபிடித்தது 11 வயது ஃபிராங்க் எப்பர்சன். 1905இல் ஒரு குளிர் ராத்திரி, கலக்கிய பானத்தைக் குச்சியோடு வாசலிலேயே மறந்து வைத்துவிட்டான். காலையில் பார்த்தால் ஐஸ்!

ஃப்ரீசர் இல்லாமல் ஐஸ்கிரீம் வேண்டுமா? ஐஸ்கட்டியோடு கல்லுப்பைக் கலந்தால் குளிர் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும்! சின்ன ஜிப் கவரில் பாலும் சர்க்கரையும். அதைப் பெரிய கவரில் ஐஸ், உப்போடு போட்டுத் துண்டில் சுற்றி 10 நிமிஷம் குலுக்குங்கள். வெறுங்கையால் பிடிக்காதீர்கள், சுருக்கென்று கடிக்கும்!

சோளம் பொரிகிறதே, உள்ளே இருப்பது 14 சதவீதம் தண்ணீர்தான். சுமார் 180 டிகிரியில் அது ஆவியாகி வெடிக்கிறது. நம் கேக்கும் அதே 180!

சிலிண்டரில் கேஸ் எவ்வளவு மிச்சம்? ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை துடையுங்கள். மேல்பகுதி சட்டென்று காயும். எங்கே ஈரம் தங்கி நிற்கிறதோ, அதுவரை கேஸ்! புக் பண்ணலாமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் முடிந்தது.

அதே சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ-26, சி-27 என்று ஏதாவது எழுதியிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அடுத்த பரிசோதனைக்கான கெடு அது! ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். தேதி தாண்டிய சிலிண்டரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்!

கேஸுக்குச் சொந்தமாக வாசனையே கிடையாது! கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றத்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள்.

கறுத்துப்போன வெள்ளிக் கொலுசைப் பாலீஷ் போட எடுத்துப் போகிறீர்களா? நில்லுங்கள்! பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படவைத்து, ஆப்பசோடா தூவி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். லேசாக அழுகின முட்டை வாசனை வரும். அதுதான் கறுப்பு கழன்றுபோகிற வாசனை! கல் பதித்த நகையை மட்டும் போடாதீர்கள்.

டிவியை அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அணைக்காமல் தூங்குகிறவரா நீங்கள்? அது இரவும் பகலும் 10 வாட்ஸ் குடித்தாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட்! தமிழ்நாட்டில் நமக்கு இலவசமே 100 யூனிட்தான். ஏழில் ஒரு பங்கு, யாரும் பார்க்காத டிவிக்கு!

ஏசியில் ஒரே ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம். 20இல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்கிற வீட்டார் கவனிக்க!

மைதா மூட்டையில் கவுன் தைத்துப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 1930களின் அமெரிக்காவில் பஞ்சகாலம். மாவு வந்த துணிப்பையைப் பெண்கள் கிழித்துச் சட்டை தைத்தார்கள். இதைப் பார்த்த ஆலைக்காரர்கள் பையிலேயே பூவும் கட்டமும் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்! ஒரே பூப்போட்ட பை இன்னும் இரண்டு கிடைக்குமா என்று கடைக்காரரைக் குடைந்திருப்பார்கள், நாம் மேட்சிங் பிளவுஸுக்கு அலைகிற மாதிரி!

கடைசியாக உண்டியல். முதல் நாள் 1 ரூபாய், இரண்டாம் நாள் 2 ரூபாய், மூன்றாம் நாள் 3 ரூபாய்... இப்படியே 365ஆம் நாள் 365 ரூபாய் போட்டால் வருஷக் கடைசியில் எவ்வளவு? 66,795 ரூபாய்!

இதைக் கேட்ட என் மகள், "அம்மா, கூட்டுவானேன், தினமும் டபுளாக்கலாமே!" என்றாள். 1, 2, 4, 8... பரவாயில்லையே என்று ஒத்துக்கொண்டேன். பத்தாவது நாள் 512 ரூபாய் கேட்டதும் அவள் அப்பா உண்டியலைத் தூக்கிப் பரணில் ஏற்றிவிட்டார். ராத்திரி உட்கார்ந்து மீதிக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். முப்பதாம் நாள் மட்டும் போட வேண்டியது 53 கோடியே 68 லட்சத்து 70 ஆயிரத்து 912 ரூபாய்!